லைன் ஆஃப் டியூட்டி: விசாரணை அறைக்குள் ஏன் இத்தனை காகிதங்கள்?

பிபிசியின் 'லைன் ஆஃப் டியூட்டி' காவல்துறைத் தொடரின் ஏழாவது சீசன் தயாராகப் போகிறது என்ற அறிவிப்பு 2025 நவம்பரில் வெளியானது. அதையொட்டி முதல் சீசனிலிருந்து பார்க்க உட்காரும் ஒருவருக்கு இரண்டு இடங்களில் குழப்பம் வருவது இயல்பு. துப்பாக்கிச் சண்டையும் துரத்தலும் நிறைந்த தொடரில், பெரும்பாலான சீசன்களின் உச்சக்கட்டமும் ஒரு கண்ணாடி அறையில், மேசைக்கு இருபுறமும் அமர்ந்து கோப்புகளைப் புரட்டும் காட்சியாக இருப்பது ஏன் என்பது முதலாவது. பல ஆண்டுகள் தேடிய மர்ம மனிதன், எவருமே பொருட்படுத்தாத ஒரு சோம்பேறி அதிகாரியாக வெளிப்பட்டது ஏன் என்பது இரண்டாவது.

இரண்டுக்கும் விடை பிரிட்டனின் காவல்துறை வரலாற்றில் இருக்கிறது. அந்நாட்டில் காவல்துறையைச் சீர்திருத்த நடந்த முயற்சிகளில் பெரும்பகுதி ஆவணங்களைக் காப்பாற்றுவதற்கான போராட்டம்: யார், எதை, எப்போது எழுதினார்கள், பிறகு யார் அதைத் திருத்தினார்கள் என்ற கேள்வி. இந்தத் தொடரின் வடிவமே அந்தப் போராட்டத்திலிருந்து பிறந்தது என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். கதையின் முக்கிய முடிச்சுகள் கீழே வெளிப்படையாகவே பேசப்படுகின்றன.

## தொடரின் அடிப்படை

ஜெட் மெர்க்யூரியோ எழுதி உருவாக்கிய இத்தொடர் 2012 ஜூன் 26 அன்று பிபிசி 2 அலைவரிசையில் தொடங்கி, 2017இல் நான்காவது சீசனோடு பிபிசி 1க்கு மாறியது. முதல் சீசன் பர்மிங்காமிலும் அடுத்தவை வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டிலும் படமாக்கப்பட்டன. கதை நடக்கும் நகரத்துக்குப் பெயர் கிடையாது. அங்குள்ள காவல்துறை 'சென்ட்ரல் போலீஸ்' என்றே அழைக்கப்படுகிறது. ஆறு சீசன்களில் மொத்தம் 36 எபிசோடுகள். 2021 மே 2 அன்று ஒளிபரப்பான கடைசி எபிசோடை அன்றிரவே ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் பேர் பார்த்தார்கள்.

மெர்க்யூரியோ மருத்துவராகப் பணியாற்றியவர். காவல்துறையைப் பற்றி எழுதுவதற்கு முன்பே, 2004இல் அவர் எழுதிய 'பாடீஸ்' என்ற மருத்துவமனைத் தொடர், திறமையற்ற ஒரு மூத்த மருத்துவரைச் சக மருத்துவர்கள் எவ்வாறு காப்பாற்றுகிறார்கள் என்பதைப் பற்றியது. இத்தகவலை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 'லைன் ஆஃப் டியூட்டி'யின் முடிவைப் புரிந்துகொள்ள இது உதவும்.

முதல் காட்சியில் பயங்கரவாதத் தடுப்புக் குழு ஒன்று தவறான வீட்டுக்குள் நுழைகிறது. உள்ளே தன் குழந்தையோடு இருந்த ஒரு நிரபராதி சுட்டுக் கொல்லப்படுகிறார். குழுவில் இருந்த அனைவரும் ஒரே மாதிரியான பொய்யை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மேலதிகாரி எதிர்பார்க்கிறார். ஸ்டீவ் ஆர்னட் (நடிகர் மார்ட்டின் காம்ப்ஸ்டன்) மறுக்கிறார், அதனால் ஒதுக்கப்படுகிறார். அவரை ஊழல் தடுப்புப் பிரிவின் தலைவர் டெட் ஹேஸ்டிங்ஸ் (ஏட்ரியன் டன்பர்) தன் பிரிவுக்கு எடுத்துக்கொள்கிறார். மூன்றாவது முதன்மைப் பாத்திரம் கேட் ஃபிளெமிங் (விக்கி மெக்ளூர்), மாறுவேடத்தில் சந்தேக அதிகாரிகளின் அலுவலகங்களுக்குள்ளேயே நுழைந்து வேலை செய்பவர்.

இக்காட்சியைப் பார்க்கும் பிரிட்டன் பார்வையாளர் எவருக்கும் 2005 ஜூலை 22 நினைவுக்கு வராமல் இருக்காது. அன்று லண்டன் ஸ்டாக்வெல் ரயில் நிலையத்தில், பிரேசிலைச் சேர்ந்த ஜான் சார்ல்ஸ் டி மெனசிஸ் என்ற இளைஞரைத் தற்கொலைக் குண்டுதாரி என்று தவறாக எண்ணிக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். தனிப்பட்ட எந்த அதிகாரி மீதும் வழக்கு தொடரப்படவில்லை. லண்டன் பெருநகரக் காவல்துறை ஒரு நிறுவனமாக, பணியிடச் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2007இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி 1,75,000 பவுண்டு அபராதம் கட்டியது. ஓர் உயிர்ப்பலி, தொழிற்சாலை விபத்துகளுக்குப் பயன்படும் சட்டத்தின் கீழ் முடிந்துபோனது. தொடர் எந்த மனக்கசப்பிலிருந்து புறப்படுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

## அடிக்கடி காதில் விழும் சொற்கள்

பாத்திரங்கள் சுருக்கெழுத்துகளிலேயே பேசுகிறார்கள். இவற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

1. ஏசி-12: ஹேஸ்டிங்ஸின் ஊழல் தடுப்புப் பிரிவு. பெயர் கற்பனை. உண்மையில் ஒவ்வொரு காவல்துறையிலும் 'தொழில்முறைத் தரப் பிரிவு' என்று ஒன்று உண்டு; ஊழல் தடுப்புக் குழு அதற்குள் அடங்கும்.

2. ஓசிஜி: ஒழுங்கமைக்கப்பட்ட குற்றக் கும்பல். பிரிட்டன் காவல்துறை உண்மையிலேயே பயன்படுத்தும் சொல்.

3. சிஸ்: ரகசியமாகத் தகவல் தரும் ஆள், நம் ஊர் வழக்கில் இன்ஃபார்மர். ஆறாவது சீசனின் தொடக்கத்தில் இச்சொல் விளக்கமின்றி வந்து பிரிட்டன் பார்வையாளர்களையே திணறடித்தது.

4. யூசிஓ, ஏஎஃப்ஓ: முன்னது மாறுவேட அதிகாரி, பின்னது துப்பாக்கி ஏந்த அனுமதி பெற்றவர். பிரிட்டனில் பெரும்பாலான காவலர்கள் துப்பாக்கி வைத்திருப்பதில்லை என்பதால் பின்னதற்குத் தனிப்பெயர் தேவைப்படுகிறது.

5. ரெக் 15: ஓர் அதிகாரிக்கு, 'உங்கள் நடத்தை குறித்து விசாரணை தொடங்கியிருக்கிறது' என்று எழுத்தில் தரப்படும் அறிவிப்பு. 2008, 2012ஆம் ஆண்டுகளின் காவலர் நடத்தை விதிகளில் 15ஆவது விதி அது. 2020இல் விதிகள் புதிதாக எழுதப்பட்டபோது எண் மாறிவிட்டது.

பதவிகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. தமிழ்நாட்டில் சூப்பிரண்டெண்ட் என்றால் ஒரு மாவட்டத்தின் காவல்துறைத் தலைவர். பிரிட்டனில் அப்பதவிக்கு மேலே தலைமைச் சூப்பிரண்டெண்ட், உதவித் தலைமைக் கான்ஸ்டபிள், துணைத் தலைமைக் கான்ஸ்டபிள் என்று படிகள் ஏறி, உச்சியில் தலைமைக் கான்ஸ்டபிள் இருக்கிறார். ஆகவே சூப்பிரண்டெண்டான ஹேஸ்டிங்ஸ் அதிகாரம் மிக்கவர் என்றாலும், ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் அடக்கப்படக்கூடியவர். ஐபிஎஸ் போல மேலிருந்து நேரடியாக நுழையும் வழி அங்கே மரபாக இருந்ததில்லை. தலைமைக் கான்ஸ்டபிளும் தெருவில் ரோந்து போனவர்தான். விசாரிப்பவரும் விசாரிக்கப்படுபவரும் ஒரே பயிற்சியில் தோளோடு தோள் நின்றவர்களாக இருப்பதால்தான், சக காவலரைக் காட்டிக்கொடுப்பவர் என்ற வசை ஏசி-12 அதிகாரிகளை விடாமல் துரத்துகிறது.

## கண்ணாடி அறையின் பின்னணி

தொடரின் இதயம் விசாரணைக் காட்சி. ஒலிப்பதிவுக் கருவி நீளமாக ஒலிக்கிறது. அது ஓயும் வரை எல்லோரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு தேதி, நேரம், அறையில் இருப்போரின் பெயர், பதவி. அதற்குப் பின் எண்ணிடப்பட்ட ஆவணங்கள் ஒவ்வொன்றாக மேசைக்கு வருகின்றன. சில காட்சிகள் 20 நிமிடத்தையும் தாண்டுகின்றன. தொலைக்காட்சியில் இது பெரும் துணிச்சல்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வளர்ந்த ஒருவருக்கு இக்காட்சி விசித்திரமாகத் தோன்றுவதற்குச் சட்டரீதியான காரணமே உண்டு. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்று 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவில் தடுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமும் 23ஆம் பிரிவில் அதையே தொடர்கிறது. இலங்கையின் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் இந்தத் தடை இருக்கிறது. ஆனால் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதற்கு விலக்கு அளித்ததும், அதன் விலையைத் தமிழ் இளைஞர்கள் கொடுத்ததும் நாம் அறிந்தவை. இந்தத் தடையை இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்த ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டில் அதை வைத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் காவலரிடம் சொன்னது நீதிமன்றத்தில் செல்லும். எனவே அங்கே விசாரணை அறையில் உதிரும் ஒவ்வொரு சொல்லும் ஆயுதம்.

அந்த ஆயுதம் எப்படித் தவறாகப் பயன்பட்டது என்பதுதான் பின்கதை. ஒலிப்பதிவு இல்லாத காலத்தில், கைதி சொல்லாததைச் சொன்னதாக அதிகாரிகள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வது பரவலாக நடந்தது. 1974ஆம் ஆண்டு பர்மிங்காம் மதுக்கூடக் குண்டுவெடிப்புகளுக்காக ஆறு பேர் ஆயுள் தண்டனை பெற்றார்கள். 'பர்மிங்காம் சிக்ஸ்' என்று அறியப்படும் அவர்கள், 16 ஆண்டுகளுக்குப் பிறகு 1991 மார்ச் 14 அன்று நிரபராதிகளாக விடுவிக்கப்பட்டார்கள். அவ்வழக்கை உடைத்தவற்றுள் ஒன்று எஸ்டா எனப்படும் மின்னிலைப் பரிசோதனை. ஒரு தாளில் அழுத்தி எழுதும்போது அடியில் இருக்கும் தாளில் கண்ணுக்குத் தெரியாத தடம் விழும். அத்தடத்தை வெளிக்கொண்டு வந்து பார்த்தால், எந்தப் பக்கத்தின்மேல் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியும். விசாரணையின்போதே எழுதியதாகச் சத்தியம் செய்யப்பட்ட குறிப்புகள் அப்படி எழுதப்படவில்லை என்பதை அது காட்டியது. இதே முறை மேற்கு மிட்லாண்ட்ஸ் கொடுங்குற்றப் பிரிவின் பல வழக்குகளையும் அம்பலப்படுத்தியது. அப்பிரிவு 1989இல் கலைக்கப்பட்டது. அதன் ஊரும் பர்மிங்காம்தான். 'லைன் ஆஃப் டியூட்டி'யின் முதல் சீசன் அங்கே படமானது தற்செயலாக இருக்கலாம், ஆனாலும் பொருத்தமானது.

இத்தகைய மோசடிகளைத் தடுக்க வந்ததுதான் பேஸ் எனப்படும் 1984ஆம் ஆண்டின் காவல் மற்றும் குற்றவியல் சாட்சியச் சட்டம். 1986 ஜனவரியில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கைதிக்கு வழக்கறிஞர் உரிமை, புலனாய்வில் தொடர்பில்லாத ஒரு காவல் பொறுப்பு அதிகாரி, விசாரணையைக் கருவியில் பதிவு செய்யும் கட்டாயம் ஆகியவை அதிலிருந்தும் அதன் விதித்தொகுப்புகளிலிருந்தும் வந்தன. தொடரில் வரும் அந்த நீண்ட ஒலி, நேர அளவில் மிகைப்படுத்தப்பட்டது. ஆனால் அதன் பொருள் பொய்யல்ல: இந்த நொடி முதல் எவரும் எதையும் திருத்த முடியாது என்ற உறுதிமொழி அது.

'நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீதிமன்றத்தில் பின்னர் ஆதாரமாக நம்பப்போகும் ஒன்றை இப்போது கேட்கும்போது சொல்லாவிட்டால் உங்கள் தற்காப்புக்குப் பாதகமாகலாம்' என்ற எச்சரிக்கை 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு. அதற்கு முன் மௌனத்துக்கு விலை இல்லை. 1994க்குப் பின், 'கருத்து இல்லை' என்று ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்வது ஒரு கணக்குப் போட்ட ஆபத்தாகிவிட்டது. தொடரின் விசாரணைக் காட்சிகள் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கின்றன. சந்தேக நபர் மௌனத்தை உடைக்கும் தருணமே திருப்பமாகிறது.

ஒரு கற்பனையையும் இங்கே பிரித்துவிட வேண்டும். தன்னைவிட ஒரு பதவியாவது உயர்ந்தவர்தான் தன்னை விசாரிக்க வேண்டும் என்று பாத்திரங்கள் அடிக்கடி கோருகின்றன. குற்றவியல் விசாரணைக்கு பேஸ் சட்டத்தில் அப்படியோர் உரிமை இல்லை. நாடகத்துக்கு அது பெரிய வசதி. ஹேஸ்டிங்ஸை அறைக்குள் கொண்டுவரவும், வெளியே நிறுத்தவும் அது பயன்படுகிறது. ஐந்தாவது சீசனில் ஹேஸ்டிங்ஸே அதே மேசையின் மறுபக்கத்தில் அமர வேண்டி வருவது, தொடர் தன் விதிக்கு நேர்மையாக இருந்த இடம்.

## யார் யாரை விசாரிப்பது?

ஏசி-12 தான் விசாரிக்கும் காவல்துறையின் உள்ளேயே இயங்குகிறது. அதே தலைமைக் கான்ஸ்டபிளுக்குக் கட்டுப்பட்டது. இது எழுத்தாளரின் கற்பனை வசதி என்று தோன்றலாம். ஆனால் பிரிட்டனின் நிஜச் சிக்கலே இதுதான்.

1969இல் லண்டன் துப்பறிவாளர்கள் சிலர் குற்றவாளிகளிடம் லஞ்சம் வாங்குவதை 'தி டைம்ஸ்' நாளிதழ் ஒலிப்பதிவு ஆதாரத்துடன் வெளியிட்டது. 1972இல் ஆணையராகப் பொறுப்பேற்ற சர் ராபர்ட் மார்க், ஏ10 என்ற உள்விசாரணைப் பிரிவை அமைத்தார். நூற்றுக்கணக்கானோர் பதவியை விட்டு நீங்கினர். ஏசி-12க்கு மூதாதை என்று ஒன்றைச் சொல்வதானால் ஏ10ஐத்தான் சொல்ல வேண்டும். 1978இல் வெளிமாவட்டக் காவலர்களை வைத்து லண்டன் காவலர்களை விசாரிக்கத் தொடங்கிய 'கன்ட்ரிமேன்' நடவடிக்கையோ, உள்ளிருந்து வந்த எதிர்ப்பில் சிக்கி, செலவுக்குத் தகுந்த பலன் இல்லாமல் முடிந்தது.

வெளியிலிருந்து கண்காணிக்கும் அமைப்புகள் பெயர் மாறி மாறி வந்தன. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்பொறுப்பு 2018 ஜனவரியில் உருவான ஐஓபிசி எனும் சுயாதீன அலுவலகத்திடம் இருக்கிறது. காவல்துறையோடு தொடர்புடைய மரணங்களும் கடும் ஊழல் புகார்களும் அதற்கு அனுப்பப்பட வேண்டும். மற்றவற்றைக் காவல்துறைகள் தாமே விசாரித்துக்கொள்கின்றன.

## முதல் சீசனின் உண்மையான குற்றம்

முதல் சீசனில் டோனி கேட்ஸ் (லெனி ஜேம்ஸ்) விருது வாங்கிய துப்பறியும் அதிகாரி. அவர்மீது ஏசி-12க்கு எழும் முதல் சந்தேகம் லஞ்சம் அல்ல; எண்கள். எளிதில் தீரும் வழக்குகளைப் பொறுக்கி, ஒரே வழக்கில் குற்றச்சாட்டுகளை ஏணிப்படிபோல் அடுக்கி, தீர்வு விகிதத்தை உயர்த்திக் காட்டியிருக்கிறார்.

இதைப் பலர் கதைக்கான சாக்கு என்று கடந்துபோகிறார்கள். எனக்கோ இதுதான் ஆறு சீசன்களிலும் கூர்மையான அரசியல் அவதானிப்பு என்று படுகிறது. அப்போது பிரிட்டன் காவல்துறை எண்ணிக்கை இலக்குகளின் கீழ் பல ஆண்டுகள் இயங்கிப் பழகியிருந்தது. கேட்ஸ் திரையில் தோன்றிய இரண்டரை ஆண்டுகளுக்குள் நடந்தவற்றைப் பாருங்கள். 2014 ஜனவரியில், காவல்துறை பதிவுசெய்யும் குற்ற எண்ணிக்கைக்கு வழங்கியிருந்த 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற தகுதியை ஐக்கிய ராச்சியப் புள்ளிவிவர ஆணையம் திரும்பப் பெற்றது. அவ்வாண்டு நவம்பரில், காவல்துறைகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பு தன் அறிக்கையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புகாராகும் குற்றங்களில் 19 விழுக்காடு பதிவே ஆவதில்லை என்று மதிப்பிட்டது. ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட குற்றங்கள். குற்றம் நடந்தும் ஏட்டில் ஏறாத அந்த மக்களுக்குக் கும்பலும் தலைவனும் தேவைப்படவில்லை. ஒரு படிவம் நிரப்பப்படாததே போதுமாயிற்று.

## 'எச்' யார், ஏன் அப்படி?

மூன்றாவது சீசனின் முடிவில், கும்பலின் ஆளாகக் காவல்துறைக்குள் வளர்ந்த மேத்யூ காட்டன் இறக்கும் நிலையில், மேலிடத்து உடந்தையாளன் 'எச்' என்ற எழுத்தால் குறிக்கப்படுபவன் என்று சைகையில் சொல்வதாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஐந்தாவது சீசனில் அந்தக் காணொளியை ஆர்னட் மீண்டும் பார்க்கிறார். காட்டனின் விரல்கள் மோர்ஸ் குறியீட்டில் நான்கு புள்ளிகள் தட்டியிருந்தன. 'எச்' எழுத்துக்கும் நான்கு புள்ளிகள், உடந்தையாளர்களும் நால்வர். மூவர் தெரிந்துவிட்டார்கள். நான்காமவர் யார்?

ஆறாவது சீசனில் அவரைக் காட்டிக்கொடுப்பது ஓர் எழுத்துப்பிழை. கும்பலுக்குப் போன செய்திகளில் 'டெஃபினட்லி' என்ற ஆங்கிலச் சொல் ஒரே விதமாகப் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது. அதே பிழை அதிகாரி இயன் பக்கெல்ஸின் பழைய கோப்புகளிலும் இருக்கிறது. முதல் சீசனிலிருந்து திறமையற்றவராகவே வலம்வந்து, ஒவ்வொரு முறையும் பதவி உயர்வோடு திரும்பியவர் அவர். எஸ்டா பரிசோதனையின் வழித்தோன்றல் இந்தத் துப்பு: காகிதத்தில் விழுந்த தடம் மனிதனைப் பிடிக்கிறது.

ரசிகர்களில் பெரும்பகுதியினர் ஏமாற்றமடைந்தார்கள். ஒரு மாபெரும் சூழ்ச்சிக்காரனை அவர்கள் எதிர்பார்த்திருந்தார்கள், அப்படி எதிர்பார்க்க வைத்ததும் தொடர்தான். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. இருந்தாலும் 'பாடீஸ்' எழுதியவரிடமிருந்து வேறு முடிவு வந்திருக்க வாய்ப்பில்லை. பக்கெல்ஸின் திறமையின்மையை மறைத்தவர்கள் அவருடைய ஊழலையும் சேர்த்தே மறைத்தார்கள், பலர் அறியாமலேயே.

நிகழ்வுகளும் அந்த முடிவின் பக்கமே நின்றன.

1. கடைசி எபிசோடுக்கு ஆறு வாரங்களுக்குப் பின், 2021 ஜூன் 15 அன்று, டேனியல் மார்கன் சுயாதீனக் குழுவின் அறிக்கை வெளியானது. தனியார் துப்பறிவாளரான மார்கன் 1987இல் தென்கிழக்கு லண்டனில் கோடரியால் கொல்லப்பட்டவர். பலமுறை விசாரணை நடந்தும் எவரும் தண்டிக்கப்படவில்லை. தன் நற்பெயரைக் காக்கத் தோல்விகளை மறைத்ததும் மறுத்ததும் ஒருவகை 'நிறுவன ஊழல்' என்று லண்டன் காவல்துறைமீது அக்குழு குற்றஞ்சாட்டியது.

2. ஆறாவது சீசன் தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, 2021 மார்ச்சில், பணியில் இருந்த லண்டன் காவலர் வெய்ன் கசன்ஸ் தன் அடையாள அட்டையைக் காட்டிப் போலியாகக் கைதுசெய்து ஒரு பெண்ணைக் கடத்திக் கொன்றார். 2023 மார்ச்சில் வந்த லூயிஸ் கேசியின் அறிக்கை, லண்டன் காவல்துறை நிறுவன அளவிலேயே இனவெறியும் பெண்வெறுப்பும் தன்பாலின வெறுப்பும் கொண்டது என்று முடிவு செய்தது.

இவ்விரண்டிலும் மேலிருந்து கயிறு இழுத்த 'எச்' எவரும் தேவைப்படவில்லை. முன்னெச்சரிக்கைகள் கோப்பில் கிடந்தன, ஆள்தேர்வுச் சோதனைகள் பெயரளவில் நடந்தன, மேலே இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். தொடரின் பெருங்குறையும் இங்கேதான்: ஓசிஜி என்ற சர்வவல்லமை கொண்ட எதிரியை ஐந்து சீசன்கள் வளர்த்தெடுத்ததால், இந்த அன்றாடச் சீர்கேட்டைச் சொல்ல அதற்குக் கடைசி ஒரு மணி நேரமே மிஞ்சியது.

## இனி வருவது

ஆறாவது சீசன், ஏசி-12இன் அதிகாரம் முன்னெப்போதையும்விடப் பலவீனமாகிவிட்டது என்று திரையில் எழுதிக்காட்டி முடிந்தது. பிபிசியின் அறிவிப்பின்படி, ஏழாவது சீசனில் அப்பிரிவு கலைக்கப்பட்டு, காவல் தர ஆய்வு அமைப்பு என்ற பொருள்தரும் புதிய பெயரில் இயங்கும். மூன்று முதன்மை நடிகர்களும் திரும்புகிறார்கள்.

திரைக்கு வெளியே கவனிக்க வேண்டிய ஒன்று, 'ஹில்ஸ்பரோ சட்டம்' என்று அழைக்கப்படும் மசோதா. 1989இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் சிக்கி 97 பேர் இறந்தார்கள். காவலர்கள் கொடுத்த வாக்குமூலங்களில் 164 கணிசமாகத் திருத்தப்பட்டதையும், அவற்றில் 116இல் காவல்துறைக்குப் பாதகமான வரிகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்ததையும் ஒரு சுயாதீனக் குழு கண்டறிந்தது. அக்கண்டுபிடிப்பு வெளியான 2012 செப்டம்பரில், ஸ்டீவ் ஆர்னட் பொய் வாக்குமூலம் எழுத மறுத்த காட்சி ஒளிபரப்பாகி மூன்று மாதங்கூட நிறைவடையவில்லை. பொது அதிகாரிகள் விசாரணைகளில் உண்மையை முழுமையாகச் சொல்வதைச் சட்டக் கடமையாக்கும் அந்த மசோதா 2025 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் அறிமுகமானது. இத்தகைய கடமை தேவை என்று 2021இல் மார்கன் குழுவும் பரிந்துரைத்திருந்தது. அந்தக் கடமை உளவுத்துறைகளையும் காவல்துறையையும் எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும், மீறினால் தனிப்பட்ட அதிகாரி சிறை செல்வாரா, அல்லது ஸ்டாக்வெல்லில் நடந்ததுபோல நிறுவனம் அபராதம் கட்டுவதோடு முடியுமா என்பவைதான் இறந்தவர்களின் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்.